ஊருக்கு வரும்போது லேப் பக்கமும் வாருங்கள்

விருத்தாசலத்திலும் சுற்றுவட்டார ஊர்களிலும் படித்து, இன்று சென்னையிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் டேட்டாவோடு வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு,

இந்தப் பக்கத்தில் முப்பத்தோரு வருடம் கணிதமும் புள்ளியியலும் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் எழுதுகிறேன். உங்களில் சிலர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். பலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் உங்களை அடிக்கடி பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஜங்ஷனில், முதுகில் லேப்டாப் பையோடு நிற்கும் கூட்டம் நீங்கள்தானே. இப்போது உங்கள் தம்பி தங்கைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியர்களுக்காக உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்பதற்கு முன்னால் ஒரு மதியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை. இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் கம்ப்யூட்டர் லேப். பாடம் எடுப்பவர் கௌரவ விரிவுரையாளர், எம்.சி.ஏ. படித்தவர். பத்து வருடமாக சி, ஜாவா, டேட்டாபேஸ் நடத்தி, ‘மேடம் கிளாஸ்னா புரியும்’ என்று பிள்ளைகளிடம் பெயர் வாங்கியவர். டேட்டா சயின்ஸ் தாள் அவர் கைக்கு வந்தது செமஸ்டர் தொடங்க எட்டு நாள் இருக்கும்போது. ‘நீங்களும் வந்து உட்காருங்க சார், புள்ளியியல்ல சந்தேகம் வந்தா கேட்டுக்கறேன்’ என்று கூப்பிட்டிருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

லேப் மேனுவலில் அன்றைக்குப் பாஸ்டன் நகரத்து வீட்டு விலைக் கணக்கு. உங்களுக்குத் தெரியாததில்லை, 506 வரிசை கொண்ட பழைய பட்டியல், 1978-இல் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு கட்டுரைக்காகத் தொகுத்தது. பைத்தானில் சைகிட்-லேர்ன் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் பாடங்களில் பல வருடம் இதுதான் முதல் பயிற்சி. ‘லோட் பாஸ்டன்’ என்று ஒரு வரி அடித்தால் பட்டியல் தானாக வந்து நிற்கும். மேடம் அந்த வரியை அடித்தார். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. நாற்பத்தாறு பிள்ளைகளும் அடித்தார்கள். எல்லாத் திரையிலும் அதே சிவப்பு.

இந்தப் பட்டியலில் ‘அறம் சார்ந்த சிக்கல்’ இருப்பதால் நீக்கிவிட்டோம், வேண்டுமானால் கலிபோர்னியா வீட்டு விலைப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அந்தச் செய்தி. மேடம் அதைப் படித்தார். கலிபோர்னியா பட்டியலை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். அன்றைக்கு லேபில் இணையம் இல்லை. அறம் சார்ந்த சிக்கல் என்றால் என்ன என்று முன்வரிசைப் பையன் கேட்டான். ‘அடுத்த வாரம் பார்ப்போம்ப்பா’ என்றார். பிள்ளைகள் போன பிறகும் மேடம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ‘ஒத்த வரி சார். அதுக்குக்கூட எனக்குப் பதில் தெரியல.’

அன்று ராத்திரி, ஆறு வருடத்துக்கு முன் தன்னிடம் ஜாவா படித்த ஒரு பையனுக்குப் போன் போட்டிருக்கிறார். அவன் இப்போது பெங்களூரில் இருக்கிறான். ‘சொல்லுங்க மேடம்’ என்றதிலிருந்து வைக்கும்வரை ஒன்பது நிமிடம். மேனுவல் எழுதியது பழைய வெர்ஷனுக்கு. 2022 டிசம்பரில் வந்த சைகிட்-லேர்ன் 1.2 வெர்ஷனிலிருந்து பாஸ்டன் பட்டியல் கிடையாது என்று சொன்னான். ஏன் எடுத்தார்கள் என்பதையும் சொன்னான். அந்தப் பட்டியலில் ஒரு காலம், அதாவது ஒரு நெடுவரிசை, அந்தப் பகுதியில் கறுப்பின மக்கள் எத்தனை பங்கு என்பதை வைத்துப் போட்ட ஒரு கணக்கு. பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பது வீட்டு விலையை ஏற்றும் இறக்கும் என்ற எண்ணத்தையே சூத்திரமாக எழுதிவைத்திருந்தார்கள். கலிபோர்னியா பட்டியலை வீட்டில் இறக்கிப் பென்டிரைவில் எப்படி எடுத்துப்போவது என்பதையும் சொல்லிவிட்டு வைத்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நடந்த வகுப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மேடம் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. போர்டில் ஒவ்வொரு காலமாகப் போட்டு, அந்த ஒரு காலம் என்ன சொன்னது என்று விளக்கினார். பிறகு, நம் ஊரில் ஒரு வீட்டுக்கு விலை சொல்ல என்னென்ன காலம் வேண்டும் என்று கேட்டார். மனை அளவு, பஸ் ஸ்டாண்டு தூரம், போர் தண்ணீர் எத்தனை அடியில் என்று ஒவ்வொன்றாக வந்தது. கடைசி பெஞ்சுப் பையன் எழுந்தான். ‘ஊரா காலனியான்னு ஒரு காலம் போட்டா வெல கரெக்டா வரும் மேடம். ஆனா அதப் போடலாமா?’

யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் சொன்னாள்: ‘அதப் போடவே வேணாம் மேடம். தெருப் பேரு போட்டாலே அதுவே சொல்லிடும்.’

ஒரு காலத்தை எடுத்துவிட்டாலும் இன்னொரு காலத்தின் முதுகில் ஏறி அது திரும்ப உள்ளே வரும் என்பதை உலகத்துப் பெரிய பல்கலைக்கழகங்களில் தனி வகுப்பாக நடத்துகிறார்கள். பாலக்கொல்லைப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வரும் பெண் அதைத் தன் தெருவிலிருந்தே எடுத்துக் கொடுத்தாள். மணி அடித்தும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண் பேசியதற்குக் காரணம் மேடத்தின் கேள்வி. அந்தக் கேள்வி வந்தது ஒன்பது நிமிடப் போனிலிருந்து. நான் உங்களிடம் கேட்க வந்தது அந்த ஒன்பது நிமிடத்தைத்தான்.

பாடப் பொருளுக்கு இன்றைக்குப் பஞ்சம் இல்லை. என்.பி.டி.இ.எல். 2003-இல் தொடங்கியது, டேட்டா சயின்சுக்குப் பைத்தான் சொல்லித்தரும் ஐ.ஐ.டி. மெட்ராஸ் பாடம் அதில் இலவசமாகவே இருக்கிறது. 2017-இல் ஸ்வயம் வந்தது. 2020-இல் அதே ஐ.ஐ.டி. டேட்டா சயின்சில் இணையவழிப் பட்டப்படிப்பே தொடங்கியது. ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் கம்ப்யூட்டர் பாடங்கள் பலவற்றைத் தமிழிலேயே கேட்கலாம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 2015 முதல் எல்லாத் துறை மாணவர்களுக்கும் டேட்டா சயின்ஸ் அறிமுகம் நடத்துகிறது. அதன் பாடநூலை யாரும் காசில்லாமல் படிக்கலாம், அதை எழுதியவர்களில் ஒருவர் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் படித்த அனி அதிகாரி. தமிழ்நாட்டில் 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ வழியாக மாணவர்களுக்கும் திறன் படிப்புகள் வந்துவிட்டன. மேடம் இதில் முக்கால்வாசியைப் பார்த்திருக்கிறார். ராத்திரி பத்து மணிக்கு மேல், பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, சொந்த டேட்டா பேக்கில்.

ஆனால் காணொளியை நிறுத்தி ஒரு கேள்வி கேட்க முடியாது. ஆசிரியர்களுக்கென்று நடப்பது ஐந்து நாள் ஆன்லைன் பயிற்சி, முடிவில் ஒரு ஃபீட்பேக் படிவம், அதை நிரப்பினால் சான்றிதழ். பதவி உயர்வுக்கு அது உதவும். மூன்றாவது வாரம் லேபில் சிவப்பு எழுத்து வரும்போது அந்தப் பயிற்சி கொடுத்தவர் எங்கே இருக்கிறார்? ஊரகக் கல்லூரியில் இந்தப் பாடம் எடுப்பவர் பெரும்பாலும் தன் துறையிலேயே தனி ஆள். பக்கத்து மேசையில் இதே பாடம் தெரிந்த இன்னொருவர் இல்லை. உங்கள் அலுவலகத்தில் ஒரு பிழை வந்தால் நாற்காலியைத் திருப்பிப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறீர்கள் அல்லவா? அந்தப் பக்கத்து நாற்காலி இவர்களுக்கு இல்லை.

கௌரவ விரிவுரையாளர்களின் நிலைமை உங்களுக்குத் தெரிந்ததுதான். மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று யு.ஜி.சி. 2019-லேயே சொன்னது. இங்கே கையில் வருவது அதைவிட ரொம்பக் குறைவு. மே மாதத்துக்கு அதுவும் கிடையாது. உங்களில் பலர் வேலையில் சேர்ந்த முதல் மாதமே அதைவிட அதிகம் வாங்கியிருப்பீர்கள். சம்பளத்தைச் சரிசெய்ய வேண்டியது அரசு. அதற்கான போராட்டத்தில் நான் அவர்களோடு நிற்கிறேன். அது முடியும்வரை பாடம் காத்திருக்காது என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

வெளியே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. ஆராய்ச்சியாளர்களுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுக்க 1998-இல் கிரெக் வில்சன் என்பவரும் அவருடைய நண்பரும் சாஃப்ட்வேர் கார்பென்ட்ரியைத் தொடங்கினார்கள். இன்று கார்பென்ட்ரீஸ் என்ற பெயரில் பல நாடுகளில் தன்னார்வலர்களால் நடக்கிறது. அவர்கள் முறையில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று. ஆசிரியர் தயாரித்துவைத்த படக்காட்சியை ஓட்டுவதில்லை. பிள்ளைகள் முன்னால் ஒவ்வொரு வரியாக அடித்துக் காட்டுகிறார். பிழை வந்தால் வரட்டும். அதைப் படித்து, காரணம் தேடி, சரிசெய்வதையும் எல்லோரும் பார்க்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு நிறத்தில் ஒட்டுச்சீட்டு இருக்கும். முடித்துவிட்டேன் என்பதற்கு ஒரு நிறம், மாட்டிக்கொண்டேன் என்பதற்கு இன்னொன்று; கம்ப்யூட்டர் மேல் ஒட்டினால் உதவியாளர் வருவார். பாடம் நடத்தப் போகிறவர்களுக்கு எப்படி நடத்துவது என்பதையும் தனியாகச் சொல்லித்தருகிறார்கள். நம் ஊரில் ஆசிரியர் போர்டு முன்னால் தவறினால் மரியாதை போய்விடும் என்ற பயத்திலேயே வளர்ந்தோம். திரையில் சிவப்பு எழுத்து வந்ததும் மேடம் முகம் சுருங்கியதற்கு அந்தப் பயம்தான் காரணம். பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால் அந்த மதியமே வகுப்பு நடந்திருக்கும்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று இருக்கிறது. வேலை பார்க்கும் இளைஞர்கள் வார விடுமுறையில் கூடி, கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கட்டற்ற மென்பொருள் சொல்லித்தருகிறார்கள். கணியம் அறக்கட்டளைக்காரர்கள் பைத்தானைத் தமிழிலேயே நடத்துகிறார்கள். மாணவர்களுக்கு இவர்கள் செய்வதை ஆசிரியர்களுக்கு நீங்கள் செய்யலாம். ஒரு ஆசிரியருக்குக் கொடுத்தது வருடா வருடம் ஐம்பது பிள்ளைகளுக்குப் போகும்.

இன்னொரு சம்பவம் சொல்ல வேண்டும். நம் ஊர்ச் சங்கதி.

அந்தப் பாஸ்டன் வகுப்புக்குப் பிறகு, நம்மூர்க் கணக்கு ஒன்றை எடுக்கலாம் என்று மேடத்துக்குத் தோன்றியது. செராமிக் தொழிற்பேட்டையில் தெரிந்தவர் ஒருவர் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். ஃபியூஸ் கட்டை, அகல் விளக்கு, கொலு சீசனில் பொம்மை. நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணைக் கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றி, எடுத்துக் காயவைத்து, சூளையில் சுடுவது உங்களில் பலர் வீட்டுத் தொழில்தானே. மேடம், இரண்டு மாணவர்கள், நான், நாலு பேரும் ஒரு சனிக்கிழமை போனோம். பச்சைச் சாமான் பலகை பலகையாக அடுக்கியிருந்தது. ‘ஐப்பசி கார்த்திகைல காத்துலயே ஈரம் சார். மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஈரம் நிக்கும். சூளைல ஏத்துனா ஆவியாகி விரிஞ்சிடும்’ என்றார் யூனிட்காரர். மேசை டிராயரிலிருந்து நீளக் கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

தேதி, சாமான், எண்ணிக்கை, நெருப்பு வைத்த நேரம், இறக்கிய நேரம், உடைசல். ஆறு காலம், அழகான கையெழுத்து. மாணவர்கள் சந்தோஷமாக ஃபோட்டோ எடுத்துக்கொண்டு வந்தார்கள். டைப் அடிக்க உட்கார்ந்தபோதுதான் சங்கடம் ஆரம்பித்தது. ஒரு பக்கம் எண்ணிக்கை டஜனில், அடுத்த பக்கம் குரோஸில், நடுவில் ‘3 பலகை’ என்று மட்டும். உடைசல் காலத்தில் சில நாள் எண் இருக்கிறது. பல நாள் ‘கொஞ்சம்’ என்று எழுதியிருக்கிறது.

கொஞ்சம் என்றால் எத்தனை? ஒரு மாணவர் அந்த வரிசைகளை எல்லாம் நீக்கிவிடலாம் என்றார். இன்னொருவர் சராசரியைப் போட்டு நிரப்பலாம் என்றார். பாடப்புத்தகத்தில் இரண்டு வழியும் இருக்கின்றன. மேடம் பெங்களூருக்குப் போன் போட்டார். அந்தப் பையன் ஒரே கேள்வி கேட்டான்: ‘அவரு எப்ப எண்ணி எழுதுறாரு, எப்ப கொஞ்சம்னு எழுதுறாரு, கேட்டீங்களா மேடம்?’

மறுபடி தொழிற்பேட்டைக்குப் போய்க் கேட்டோம். நிறைய உடைந்தால் மனசு கேட்காமல் எண்ணிப் பார்ப்பாராம். ஒன்றிரண்டு போனால் கொஞ்சம் என்று எழுதிவிடுவாராம். ஆக, ‘கொஞ்சம்’ வரிசைகளை நீக்கினால் நல்ல நாளெல்லாம் போய், கெட்ட நாள் மட்டும் மிஞ்சும். உடைசல் நிஜத்தைவிடக் கூடுதலாகத் தெரியும். சராசரி போட்டாலும் அதே கதிதான். முப்பத்தோரு வருடம் புள்ளியியல் நடத்திய நான் விடுபட்ட தரவு பற்றி எத்தனையோ முறை போர்டில் எழுதியிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக ஒரு தடவையும் புரியவைத்ததில்லை. ஐந்து மாதக் கணக்குதான் கையில் இருந்தது. அதை வைத்து மழைக்கும் உடைசலுக்கும் சம்பந்தம் உண்டு, இல்லை என்று எதுவும் சொல்லக்கூடாது என்றும் அந்தப் பையனே சொன்னான். மாணவர்கள் ப்ராஜெக்ட் அறிக்கையில் அப்படியே எழுதினார்கள். யூனிட்காரர் இப்போது எல்லா நாளும் எண்ணி எழுதுகிறார்.

இப்படிப்பட்ட கணக்கு நம்மூரில் கொட்டிக்கிடக்கிறது. மார்க்கெட் கமிட்டியில் தினமும் மல்லாட்டை, நெல், எள், உளுந்து எத்தனை மூட்டை வந்தது, என்ன விலைக்குப் போனது என்று எழுதுகிறார்கள். நெல் மூட்டை 75 கிலோ, இணையத்தில் விலை குவிண்டாலுக்கு. இரண்டையும் ஒன்றாக்குவதே ஒரு லேப் பயிற்சி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் சாய்த்த முந்திரித் தோப்புகள் திரும்ப எழ எத்தனை வருடம் ஆனது என்பது இன்னொரு கேள்வி. முந்திரிக்கும் மல்லாட்டைக்கும் இங்கேயே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டேட்டா சயின்ஸ் பாடங்களில் வரும், 1936-இல் ஃபிஷர் எடுத்தாண்ட 150 ஐரிஸ் பூக்களை நம் பிள்ளைகள் நேரில் பார்த்ததே இல்லை. அதை எடுத்தெறியச் சொல்லவில்லை. பூவோடு ஒரு மூட்டை மல்லாட்டையும் லேபுக்குள் வரட்டும் என்கிறேன். அதை ஆசிரியர் தனியாகச் செய்ய முடியாது. உள்ளூர்க் கணக்குக்கு விடைத்தாள் கிடையாது, எங்கே வழுக்கும் என்று சொல்ல அனுபவப்பட்ட ஒருவர் வேண்டும்.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது நம் ஊர் வழக்கம். பேர், ஊர் எழுதி, என்ன குறை, என்ன வேண்டும் என்று நேராக எழுதிக் கட்டுவோம். சுற்றி வளைப்பதில்லை. நானும் அப்படியே கேட்கிறேன்.

ஆளுக்கு ஒரு ஆசிரியரை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பாடம் சொன்னவராக இருந்தால் நல்லது. மாதத்தில் இரண்டு மணி நேரம் போதும், ஆனால் இரண்டு வருடமாவது விடாமல் இருங்கள். அவர் கேட்கும் கேள்வி சின்னதாக இருக்கும். பைத்தான் வெர்ஷன், விடுபட்ட கட்டம், பரீட்சைக்கு எந்த மாதிரிக் கேள்வி கேட்பது என்று. சின்னதென்று நினைத்து இரண்டு நாள் கழித்துப் பதில் போடாதீர்கள். செவ்வாய்க்கிழமை லேப் என்றால் திங்கட்கிழமை ராத்திரிதான் அவருக்கு உயிர் போகும் நேரம். ஜூன் மாதம் பாடத்திட்டம் கைக்கு வந்ததும் லேப் மேனுவலை ஒருமுறை உங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து, எது ஓடவில்லை என்று எழுதி அனுப்புங்கள். இது ஒன்றைச் செய்தாலே பாதிப் பாரம் இறங்கிவிடும்.

மாணவர்களுக்கு ஊக்க உரை நிகழ்த்த வராதீர்கள். இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கிறது. எத்தனையோ பேருக்கு மேடையில் சால்வை போர்த்தியவன் நான். நீங்கள் ஒரு மணி நேரம் பேசுகிறீர்கள், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், ஆசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு மறுநாள் அதே மேனுவலைத் திறக்கிறார். அந்த ஒரு மணி நேரத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து செலவிடுங்கள். அதிலும் ஒரு வேண்டுகோள்: ‘இதெல்லாம் பழசு, இண்டஸ்ட்ரியில யாரும் இப்படிச் செய்றதில்ல’ என்று பிள்ளைகள் காதுபடச் சொல்லாதீர்கள். நீங்கள் சனிக்கிழமை வந்து போவீர்கள். திங்கட்கிழமை அந்த வகுப்புக்குள் போக வேண்டியவர் அவர்.

தமிழுக்கும் உங்கள் உதவி வேண்டும். சராசரி, திட்டவிலக்கம் எல்லாம் பள்ளியிலேயே வந்துவிடுகிறது. ஓவர்ஃபிட்டிங்கை எப்படிச் சொல்வது என்று மேடம் ஒரு நாள் திணறினார். போன வருடக் கேள்வித்தாளை நெட்டுருப் போட்டவன் இந்த வருடம் கேள்வி மாறினால் விழிப்பதைச் சொல்லிக் காட்டினேன், புரிந்தது. நீங்கள் ஆபீசில் தமிழ் நண்பர்களோடு டீ குடிக்கும்போது இதையெல்லாம் எந்த வார்த்தையில் பேசிக்கொள்கிறீர்களோ, அந்த வார்த்தைகளை எழுதி அனுப்புங்கள். ஆங்கிலச் சொல் கலந்திருந்தாலும் பரவாயில்லை.

கம்ப்யூட்டர் வாங்கித் தரட்டுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், நல்ல மனசு. லேபில் பல மெஷின் நாலு ஜி.பி. மெமரியோடுதான் மூச்சு வாங்குகிறது, வந்தால் சந்தோஷம்தான். ஆனால் மேடத்திடம் எது முதலில் வேண்டும் என்று கேட்டேன். ‘போன் எடுக்கற ஆள் சார்’ என்றார்.

மாசி மகத்துக்கு நீங்கள் எப்படியும் ஊருக்கு வருவீர்கள். பழமலைநாதர் கோயிலில் கூட்டம் சேருவதற்கு முன்னால், ஒரு நாள் சேர்த்து லீவு போட்டு வாருங்கள். வேலைநாளாக இருக்கட்டும், லேப் மதியம் இரண்டு மணிக்கு. ஒட்டுச்சீட்டு இரண்டு நிறத்தில் வாங்கிவைத்திருக்கிறேன். நான் கடைசி வரிசையில் இருப்பேன், நீங்கள் மேடம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
விருத்தாசலம்